குடும்ப டிரஸ்டின் பெயரில் வாடகைச் சொத்து: கணக்கை ஏன், எப்படி எழுதி வைக்க வேண்டும்?

குடும்பச் சொத்தை ஒரு டிரஸ்டுக்குள் கொண்டுவந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பத்திரம் பதிவாகிறது. வாடகை வழக்கம்போல வருகிறது. வீட்டில் யாரோ ஒருவர் அதை வாங்கி, யாரோ ஒருவர் செலவும் செய்கிறார். சில வருடம் கழித்து வரித்துறை ஒரு கேள்வி கேட்கும், அல்லது சொத்தை விற்க வேண்டிவரும், அல்லது பிள்ளைகளில் ஒருவர் "என் பங்கு எவ்வளவு?" என்று கேட்பார். அப்போதுதான் பதில் சொல்வதற்கு ஒரு தாள்கூட இல்லை என்பது தெரிகிறது.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் கணக்கெழுதும் திறமை இல்லாதது அல்ல. டிரஸ்ட் என்றால் என்ன என்ற அடிப்படை புரியாததுதான். அங்கிருந்தே தொடங்கலாம்.

டிரஸ்ட் என்பது ஓர் ஆள் அல்ல

தமிழில் டிரஸ்டை 'அறக்கட்டளை' என்கிறோம். அந்தச் சொல்லைக் கேட்டதும் தான தருமம் நினைவுக்கு வந்துவிடுகிறது. குடும்ப டிரஸ்டுக்கும் தருமத்துக்கும் சம்பந்தமில்லை. அது சொந்தக் குடும்பத்தினரின் நன்மைக்காக மட்டும் ஏற்படுத்தப்படுவது. அதனால் இந்தக் கட்டுரை முழுவதும் 'டிரஸ்ட்' என்ற சொல்லே வரும்.

ஒரு டிரஸ்டில் மூன்று தரப்பினர் இருப்பார்கள்.

1. சொத்தைக் கொடுத்து டிரஸ்டை ஏற்படுத்துபவர்.
2. அந்தச் சொத்தைத் தன் பெயரில் வைத்து நிர்வகிக்கும் டிரஸ்டி.
3. அதன் பலனை அனுபவிக்க வேண்டிய பயனாளிகள்.

ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருப்பதும் உண்டு. அப்பாவே ஏற்படுத்தியவராகவும் டிரஸ்டியாகவும் இருப்பார். அல்லது அண்ணன் டிரஸ்டியாகவும் பயனாளிகளில் ஒருவராகவும் இருப்பார்.

கம்பெனிக்குச் சட்டத்தில் தனி ஆள் என்ற தகுதி உண்டு. ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் டிரஸ்டுக்கு அந்தத் தகுதி பொதுவாகக் கிடையாது. டிரஸ்ட் என்பது ஓர் உறவு, ஒரு பொறுப்பு. சொத்து சட்டப்படி டிரஸ்டியின் கையில் இருக்கிறது. ஆனால் அவர் தன் இஷ்டத்துக்கு அனுபவிக்க முடியாது. அப்படியானால் டிரஸ்டியின் சொந்தப் பணம் எது, டிரஸ்டின் பணம் எது என்பதை எதை வைத்துச் சொல்வது? கணக்கை வைத்துத்தான். வேறு வேலி கிடையாது.

சட்டமும் இதை டிரஸ்டியின் கடமையாகவே வைத்திருக்கிறது. இந்திய டிரஸ்ட் சட்டம், 1882, பிரிவு 19 இரண்டு விஷயம் சொல்கிறது: டிரஸ்ட் சொத்துக்குத் தெளிவான, சரியான கணக்கை டிரஸ்டி வைத்திருக்க வேண்டும், நியாயமான எந்த நேரத்தில் பயனாளி கேட்டாலும் முழு விவரத்தையும் தர வேண்டும். மற்ற நாடுகளிலும் சாரம் இதுவேதான். கணக்கு இல்லாததால் ஒரு சந்தேகம் எழுந்தால், அதன் பலன் டிரஸ்டிக்குப் பாதகமாகவே போகும்.

பேரேட்டுக்கு முன்னால் டிரஸ்ட் பத்திரம்

கணக்கெழுத உட்காருபவர் முதலில் திறக்க வேண்டியது டிரஸ்ட் பத்திரத்தை. பேரேட்டில், அதாவது தலைப்புவாரியாகக் கணக்கெழுதும் புத்தகத்தில், என்னென்ன தலைப்புகள் வேண்டும் என்பதைப் பத்திரம்தான் தீர்மானிக்கிறது. நான்கு விஷயங்களைத் தேடிப் பிடித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. பயனாளிகளின் பங்கு நிர்ணயிக்கப்பட்டதா, அல்லது யாருக்கு எவ்வளவு என்பது டிரஸ்டியின் விருப்பத்துக்கு விடப்பட்டதா?
2. 'வருமானம்' என்பதற்குப் பத்திரம் தனியாக ஏதாவது பொருள் சொல்கிறதா? சொத்தை விற்ற லாபம் வருமானத்தில் சேருமா, 'முதல்' எனப்படும் மூலதனத்தில் சேருமா?
3. கடன் வாங்கவும் சொத்தை அடமானம் வைக்கவும் டிரஸ்டிக்கு அதிகாரம் இருக்கிறதா?
4. டிரஸ்டிக்குச் சம்பளம் உண்டா, செலவு மட்டும் திரும்பக் கிடைக்குமா?

முதல் கேள்வி வெறும் சம்பிரதாயம் அல்ல. இந்திய வருமான வரிச் சட்டத்தில், பங்கு நிர்ணயிக்கப்படாத தனியார் டிரஸ்டின் வருமானத்துக்குப் பொதுவாக உச்சபட்ச வரி விகிதமே பொருந்தும். பங்கு தெளிவாக இருந்தால் கணக்கீடு வேறு. ஆஸ்திரேலியாவில் குடும்ப டிரஸ்டுகளில் பெரும்பாலானவை டிரஸ்டியின் விருப்பத்துக்கு விடப்பட்டவை. அங்கே ஒவ்வொரு வருடமும் எழுதப்படும் தீர்மானத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அதைப் பிறகு பார்க்கலாம்.

'முதல்', 'வருமானம்' என்ற பிரிவினை இந்தக் கட்டுரை முழுக்க வரும். வீடு என்பது முதல், வாடகை என்பது வருமானம். மரமும் காயும் மாதிரி. காயைப் பறித்துக் கொடுக்கலாம்; கிளையை வெட்டி விறகாக விற்றுவிட்டு அதையும் காய்க்கணக்கில் எழுதினால் யாருக்கோ சேர வேண்டியது யாருக்கோ போய்விடும். பல பத்திரங்களில் வருமானம் ஒருவருக்கு, முதல் இன்னொருவருக்கு என்றே எழுதியிருக்கும்.

ஒரே வங்கிக் கணக்கில் எல்லாம் போகக் கூடாது

டிரஸ்டுக்கென்று தனி வங்கிக் கணக்கு வேண்டும். வாடகை அதில்தான் வர வேண்டும், செலவு அதிலிருந்துதான் போக வேண்டும். இதைச் செய்துவிட்டால் கணக்கெழுதும் வேலையில் பாதி தானாகவே முடிந்துவிடும்.

கலந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1880-இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த ஹாலெட் வழக்கை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். டிரஸ்டி தன் பணத்தையும் டிரஸ்ட் பணத்தையும் ஒரே வங்கிக் கணக்கில் போட்டு, அதிலிருந்து எடுத்துச் செலவும் செய்திருந்தால், முதலில் செலவானது அவருடைய சொந்தப் பணம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது நீதிமன்றம். மிச்சமிருப்பது டிரஸ்டுடையது. நல்லெண்ணத்தோடு, அவசரத்துக்குத் தன் கணக்கில் வாடகையை வாங்கிய டிரஸ்டியும் இதே நிலையில்தான் நிற்பார்.

சரி, மோட்டார் ரிப்பேருக்கு டிரஸ்டி தன் கைக்காசைக் கொடுத்துவிட்டார், என்ன செய்வது? அது தவறல்ல. 'டிரஸ்டிக்குக் கொடுபட வேண்டியது' என்று ஒரு தலைப்பில் அன்றே எழுதி, ரசீதை வைத்துக்கொண்டு, அதே தொகையைத் துல்லியமாகத் திருப்பித் தர வேண்டும். 'சுமாராக' ஒரு ரவுண்டுத் தொகையை எடுத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

வாங்கிய நாளின் கணக்கு

இனி ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசி வரை போவோம். நாணயம் எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். டிரஸ்ட் ஒரு வீடு வாங்குகிறது. விலை 60 லட்சம். பதிவுக் கட்டணம், வக்கீல் கட்டணம் எல்லாம் சேர்த்து 5 லட்சம். வாங்கும்போதே கூரை ஒழுகிக்கொண்டிருந்ததால், குடி வைப்பதற்கு முன் அதைச் சரிசெய்ய 2 லட்சம்.

இந்த வீட்டின் அடக்கவிலை 60 லட்சம் அல்ல, 67 லட்சம். கூரைச் செலவைப் 'பராமரிப்பு' என்று அந்த வருடச் செலவில் தள்ளிவிடத் தோன்றும். ஆனால் வாங்கும்போதே இருந்த குறையைச் சரிசெய்தது, சொத்தை வாங்கிய செலவின் தொடர்ச்சியாகவே பல நாடுகளில் பார்க்கப்படுகிறது. பல வருடம் கழித்து 90 லட்சத்துக்கு விற்றால் லாபம் 23 லட்சம். அந்த 7 லட்சத்துக்கான தாள்கள் தொலைந்துபோயிருந்தால் 30 லட்சம் லாபம் என்று வரி கட்ட வேண்டிவரும்.

அடுத்தது, மனைக்கும் கட்டடத்துக்கும் விலையைப் பிரித்து எழுதுவது. மனை தேய்வதில்லை, கட்டடம் தேய்கிறது. அந்தத் தேய்வை வருடா வருடம் செலவாக எழுதுவதுதான் தேய்மானம். அமெரிக்காவில் வாடகைக் குடியிருப்பின் கட்டட மதிப்பை 27.5 வருடத்துக்குப் பரப்பித் தேய்மானம் எழுதுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் கட்டுமானச் செலவில் வருடத்துக்கு 2.5 சதவீதம், 40 வருடம் வரை. இந்தியாவில் வீட்டுச் சொத்து வருமானத்துக்குத் தேய்மானம் என்று தனியாக இல்லாமல் 30 சதவீத நிலையான கழிவு இருக்கிறது. எந்த முறையாக இருந்தாலும் மனை எவ்வளவு, கட்டடம் எவ்வளவு என்பதை வாங்கிய வருடத்திலேயே மதிப்பீட்டாளர் அறிக்கையோடு எழுதி வைப்பது எளிது. 20 வருடம் கழித்து அதைக் கண்டுபிடிப்பது வெறும் ஊகம்.

இன்னும் முக்கியமான கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. 67 லட்சம் எங்கிருந்து வந்தது? 20 லட்சம் வங்கிக் கடன். மீதி 47 லட்சம் அப்பா போட்டார். போட்டார் என்றால், கொடையாகவா, கடனாகவா?

கொடை என்றால் அது டிரஸ்டின் முதலோடு சேர்ந்துவிட்டது. அப்பாவுக்கு அதில் இனி உரிமை இல்லை. கடன் என்றால் டிரஸ்ட் அவருக்கு 47 லட்சம் தர வேண்டியிருக்கிறது. பின்னாளில் டிரஸ்ட் அவருக்குத் தரும் பணம் 'பங்கு' ஆகாது, கடன் திரும்புவது. அப்பா காலமானால் அந்த 47 லட்சத்தை வசூலிக்கும் உரிமை அவருடைய சொத்தில் சேர்ந்து, வாரிசுகளுக்குப் போகும்; அந்த வாரிசுகளும் டிரஸ்டின் பயனாளிகளும் ஒரே ஆட்களாக இருக்க வேண்டியதில்லை. இரண்டாம் தாரத்துப் பிள்ளைகள், மணமாகிப் போன மகள், கடன்காரர்கள் என்று எல்லாரும் கேட்கக்கூடிய தொகை அது. ஒரு பக்கத்தில் தேதி போட்டு, 'இது கடன், வட்டி இல்லை, கேட்கும்போது திருப்பித் தரப்படும்' என்றோ, 'இது கொடை' என்றோ எழுதிக் கையெழுத்திட ஐந்து நிமிடம் போதும். குடும்ப டிரஸ்டுகளில் மிக அதிகமாக விட்டுப்போகும் தாள் இதுதான் என்பது என் எண்ணம். அப்பா உயிரோடு, நினைவோடு இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.

மாதாமாதம் எழுத வேண்டியவை

வீடு ஓர் ஏஜென்ட் மூலம் மாதம் 40,000 வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது. இந்த மாதம் ஏஜென்ட் தன் கமிஷன் 3,000-ஐயும், குழாய் பழுதுக்குக் கொடுத்த 2,500-ஐயும் பிடித்துக்கொண்டு 34,500-ஐ வங்கியில் போடுகிறார். பாஸ்புக்கைப் பார்த்து எழுதுபவர் 'வாடகை 34,500' என்று எழுதிவிடுவார். சரியான பதிவு இப்படி இருக்க வேண்டும்:

- பற்று: வங்கி 34,500
- பற்று: ஏஜென்ட் கமிஷன் 3,000
- பற்று: குழாய் பழுது 2,500
- வரவு: வாடகை 40,000

இரண்டு பக்கமும் 40,000. இரட்டைப் பதிவு முறை என்பது இவ்வளவுதான்: பணம் எங்கிருந்து வந்தது (வரவு), எங்கே போனது (பற்று) என்ற இரண்டையும் ஒரே நேரத்தில் எழுதுவது. 'வாடகை 34,500' என்று மட்டும் எழுதினால் வருமானமும் குறையும், செலவும் மறையும். வாடகை ஒப்பந்தத்தில் இருக்கும் தொகைக்கும் கணக்குக்கும் பொருத்தமில்லாமல் போகும்.

குடியிருப்பவர் கொடுத்த அட்வான்ஸ் வருமானம் அல்ல. திருப்பித் தர வேண்டிய பணம் என்பதால் அது பொறுப்புப் பக்கத்தில் நிற்கும். அவர் காலி செய்யும்போது சேதத்துக்காகப் பிடித்துக்கொள்ளும் பகுதி மட்டும் அன்றைய தேதியில் வருமானமாக மாறும்.

அப்புறம் வங்கித் தவணை. 20 லட்சம் கடன், வருடத்துக்கு 9 சதவீத வட்டி, மாதத் தவணை 25,000. முதல் மாதம் அதில் வட்டி 15,000, அசல் 10,000. இரண்டாம் மாதம் மிச்ச அசல் 19,90,000 என்பதால் வட்டி 14,925, அசல் 10,075. இப்படி ஒவ்வொரு மாதமும் நகரும். வட்டி செலவு, அசல் செலவு அல்ல, கடன் குறைவது. 25,000-ஐயும் 'வங்கித் தவணை' என்ற ஒரே செலவுத் தலைப்பில் போடுவது பெரிய பிழை. வங்கி தரும் தவணை அட்டவணையை அச்செடுத்துக் கோப்பில் வைத்து, அதைப் பார்த்துப் பிரித்து எழுதுங்கள்.

ரசீதுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடைகளில் தரும் பளபளப்பான வெப்பத்தாள் ரசீது சில மாதத்தில் வெளுத்துப்போகும். வாங்கிய அன்றே படம் எடுத்துவிட வேண்டும். ரசீதின் மேல் கையால் ஒரு வரியும் எழுதுங்கள். 'பராமரிப்பு 18,000' என்ற பதிவு யாருக்கும் எதையும் சொல்லாது. 'மாடி, வடக்கு அறை, ஜன்னலோரம் நீர்க்கசிவு. 2 மீட்டர் தளம் கொத்திப் பூசியது. பழைய நிலைக்குத் திருப்பியது மட்டும்' என்று எழுதியிருந்தால், இது பழுது பார்த்ததா, புதிதாக மேம்படுத்தியதா என்ற கேள்விக்கு அதுவே பதில். முந்தையது அந்த வருடச் செலவு. பிந்தையது முதலினச் செலவு, சொத்தின் அடக்கவிலையோடு சேர வேண்டியது. செலவு செய்த வாரத்தில் இது எல்லாருக்கும் தெரியும். வருடக் கடைசியில் யாருக்கும் நினைவிருக்காது.

மாதம் ஒருமுறை வங்கி அறிக்கையையும் பேரேட்டையும் பக்கத்தில் பக்கம் வைத்துச் சரிபார்த்து, இருப்பு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டால் போதும். ஒரு வீட்டுக்கு இது அரை மணி நேர வேலை.

லாபம் 2,10,000, வங்கியில் 85,000: மீதி எங்கே?

வருட முடிவில் குடும்பங்களில் சண்டை வரும் இடம் இது. கணக்கைப் பாருங்கள்.

- வருட வாடகை: 4,80,000
- ஏஜென்ட் கமிஷன்: 36,000
- பழுது, காப்பீடு, சொத்து வரி: 59,000
- கடன் வட்டி: சுமார் 1,75,000

வாடகையிலிருந்து மூன்று செலவையும் கழித்தால் வருமானம் 2,10,000. ஆனால் வங்கியில் மிச்சம் 85,000தான். மீதி 1,25,000 கடனின் அசலுக்குப் போய்விட்டது. அது செலவாகவில்லை. சொத்தில் டிரஸ்டுக்கு இருக்கும் பங்காக மாறி நிற்கிறது.

இப்போது டிரஸ்டி, வருமானம் 2,10,000-ஐயும் மூன்று பிள்ளைகளுக்குச் சமமாக, ஆளுக்கு 70,000 என்று பிரித்துத் தீர்மானம் எழுதுகிறார். கையில் இருப்பதோ 85,000. ஒருவருக்கு முழுதாகவும் மற்றவர்களுக்குக் கொஞ்சமாகவும் கொடுத்தாலும், மூவருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாலும், 1,25,000 பாக்கி நிற்கும். அந்தப் பாக்கி பிள்ளைகளுக்கு டிரஸ்ட் தர வேண்டிய பொறுப்பு. 'பயனாளிகளுக்குக் கொடுபட வேண்டியது' என்ற தலைப்பில், ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாக அது நிற்க வேண்டும்.

இதை எழுதாமல் விட்டால் என்ன நடக்கும்?

1. ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில், ஒரு பயனாளி பங்குக்கு உரியவர் ஆனதுமே வரி அவர் கணக்கில் ஏறிவிடுகிறது. பணம் கைக்கு வந்ததா என்று பார்ப்பதில்லை. 70,000-க்கு வரி கட்டிவிட்டு 20,000 மட்டும் வாங்கியவருக்கு மீதி 50,000 வர வேண்டியிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி இல்லை.
2. இப்படி 10 வருடம் சேர்ந்தால் பாக்கி பெரிய தொகையாகிவிடும். ஒரு பயனாளி விவாகரத்து செய்தாலோ, கடனில் விழுந்தாலோ, இறந்தாலோ அந்தப் பாக்கி அவருடைய சொத்தாகக் கணக்கில் வரும்.
3. தேய்மானம் எழுதும் நாடாக இருந்தால் நிலைமை கொஞ்சம் இளகும். 1,00,000 தேய்மானம் என்றால் வரிக்குரிய வருமானம் 1,10,000 ஆகக் குறையும். ஆனால் பத்திரம் சொல்லும் வருமானமும் வரிச்சட்டம் சொல்லும் வருமானமும் அப்போது வேறு வேறாக இருக்கக்கூடும். இரண்டையும் இரண்டு பத்தியில் எழுதி வைக்க வேண்டும்.

நஷ்டம் வந்த வருடத்தைப் பற்றிச் சுருக்கமாக: பல நாடுகளில் டிரஸ்டின் நஷ்டத்தைப் பயனாளிகள் தங்கள் சம்பளத்தில் கழித்துக்கொள்ள முடியாது. அது டிரஸ்டுக்குள்ளேயே தங்கி, பின்னால் வரும் லாபத்தில்தான் கழியும். எந்த வருடம் எவ்வளவு நஷ்டம், அதில் எவ்வளவு கழிந்தது என்று ஒரு தனிப் பட்டியல் வேண்டும்.

தீர்மானத்தின் தேதி

டிரஸ்டியின் முடிவுகள் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். பங்கு பிரிக்கும் தீர்மானம் உரிய நாளுக்குள்ளும் இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் வரி வருடம் ஜூன் 30-இல் முடிகிறது. யாருக்கு எவ்வளவு என்ற முடிவை டிரஸ்டி அதற்குள் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை, பத்திரமும் மாற்று ஏற்பாடு சொல்லவில்லை என்றால், யாருக்கும் உரித்தாகாத வருமானத்துக்குப் பொதுவாக உச்சபட்ச விகிதத்தில் டிரஸ்டியே வரி கட்ட வேண்டும். அமெரிக்காவில் கொஞ்சம் தளர்வு உண்டு: வருடம் முடிந்த 65 நாளுக்குள் கொடுத்த தொகையை முந்தைய வருடத்தில் கொடுத்ததாகக் கணக்கிட டிரஸ்டி விருப்பம் தெரிவிக்கலாம்.

ஜூன் மாதம் மறந்துவிட்டு, செப்டம்பரில் உட்கார்ந்து ஜூன் தேதி போட்டுக் கையெழுத்திடுவது பொய்யான ஆவணம். கோப்பின் கணினித் தேதியும் அனுப்பிய மின்னஞ்சலும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரே ஒரு நாள் பிந்திய உண்மையான தீர்மானம், முன்தேதியிட்ட தீர்மானத்தைவிட எவ்வளவோ மேல். பிந்தினால் கூடுதல் வரியோடு போகும். முன்தேதியிட்டால் டிரஸ்டியின் மற்ற எல்லாத் தாள்களும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

குடும்பத்தில் ஒருவரே அந்த வீட்டில் குடியிருந்தாலும் அதற்கும் ஒரு தீர்மானம், ஒரு வாடகை ஒப்பந்தம் வேண்டும். தம்பிக்குக் குறைந்த வாடகைக்கு விட்டால், ஏன் விட்டோம், சந்தை வாடகை எவ்வளவு என்பதை எழுதி வையுங்கள். அந்த வித்தியாசம் மற்ற பயனாளிகள் விட்டுக்கொடுத்த பணம். அவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

எவ்வளவு காலம் வைத்திருப்பது, யாரிடம் ஒப்படைப்பது

ஆஸ்திரேலியாவில் வரி ஆவணங்களைப் பொதுவாக 5 வருடம் வைத்திருக்கச் சொல்கிறார்கள். ஆனால் சொத்தின் அடக்கவிலை தொடர்பானவற்றுக்கு அந்த 5 வருடம் விற்ற பிறகுதான் தொடங்குகிறது. மற்ற இடங்களிலும் யோசனை இதேதான். முதல் வருடத்துக் கூரை ரசீது, வீட்டை விற்று வரிக்கணக்கு முடியும் வரை தேவைப்படும். அதனால் இரண்டு கோப்பு வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று வருடாந்தரக் கோப்பு. உரிய காலம் கடந்ததும் கழிக்கலாம். இன்னொன்று நிரந்தரக் கோப்பு. அதில் இருக்க வேண்டியவை:

1. டிரஸ்ட் பத்திரமும் அதில் செய்த திருத்தங்களும்
2. சொத்து வாங்கிய பத்திரம், பதிவு மற்றும் வக்கீல் கட்டண ரசீதுகள்
3. மனை, கட்டடம் பிரித்த மதிப்பீட்டு அறிக்கை
4. முதலினச் செலவுகளின் பட்டியல், ரசீதுகளோடு
5. கடன் ஒப்பந்தங்கள், குடும்பத்தினர் போட்ட பணத்துக்கான தாள் உட்பட
6. எல்லா வருடத் தீர்மானங்களும்
7. பயனாளிகளுக்கான பாக்கி, டிரஸ்டின் நஷ்டம் ஆகியவற்றின் தொடர் பட்டியல்

டிரஸ்டி மாறும்போது இந்தக் கோப்பும் கைமாற வேண்டும். பொறுப்பேற்பவர் அன்றைய தேதி வரையிலான இருப்பு நிலைக் குறிப்பையும் (டிரஸ்டின் சொத்து, கடன் பட்டியல்) வங்கி இருப்பையும் ஒத்துப்பார்த்து, என்னென்ன தாள்களைப் பெற்றுக்கொண்டார் என்ற பட்டியலில் இருவரும் கையெழுத்திட வேண்டும். வங்கிக்கும் ஏஜென்டுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் புதிய டிரஸ்டியின் பெயரை அந்த வாரமே தெரிவித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மாத வாடகை பழைய டிரஸ்டியின் கைக்கே போகும்.